மூன்று விரல்

கேத்தி பாலாடாவில் இரவு ஒன்றரை மணிக்கு
இரண்டு சத்தம்தான்.
வயிற்றுக்குள் கல் உருட்டுவதுபோல
கேரட் கழுவும் மிஷின்.
அதற்கு எதிரே, தகரக் கொட்டகையில்,
யோகராணியின் இரண்டு தகடுகள்
மாறி மாறி இரும்பில் விழுவது.

தோசைக்கல் என்று சொல்ல முடியாது அதை.
மேட்டுப்பாளையத்தில் உடைத்த ஏதோ லாரியின்
அடித்தகடு என்கிறாள்.
ஒற்றைக் கட்டில் அகலம்.
மூன்று பக்கமும் பலகை.
கேட்டால்தான் தட்டு.
கேட்காதவர்களுக்குக் கல்லின் ஓரத்தில்
சூடு குறைந்த ஒரு சாண் இடம்,
ஒரு கரண்டி.

அவள் அப்பா கப்பலேறி வந்தபோது
அட்டனிலிருந்து கொண்டுவந்த தாளமாம் இது.
அவர் அங்கே கொழுந்து பறித்தவர்,
ஒருநாளும் ரொட்டி கொத்தியதில்லை
என்பதையும் அவளே சொல்வாள்,
சொல்லிவிட்டு இன்னும் வேகமாகக் கொத்துவாள்.

வெளியே புல்லில்
யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் உறைபனி.
நான் கணக்கு எழுதுகிறவன்.
குல்லா, மப்ளர், கையுறை,
காதில் பென்சில்.
தண்ணீரில் கை வைக்காத வேலை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் சுக்ரா.
ஜார்க்கண்ட் பையன், மிஷின் வாயில் நிற்பவன்.
உட்கார்ந்ததும் இரண்டு கையையும்
கல்லுக்கு மேலே நீட்டினான்,
தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில்.
விரல் நுனியெல்லாம்
அவித்து ஆறிய கிழங்குத் தோல்.

பிறகு என்னைப் பார்த்தான்.
மூன்று விரல் காட்டினான்.

இன்று அவர்கள் கழுவியது நூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
நோட்டில் நூற்று ஒன்பது.
ஈரத்துக்குக் கழிக்கணும் என்றார் முதலாளி.
மூட்டையை எண்ணுகிற கணக்கில்
ஈரம் எங்கிருந்து வந்தது என்று
நான் கேட்கவில்லை.
பென்சிலை நக்கிக்கொண்டு எழுதினேன்.

இன்னமும் மூன்று விரல்.
என் காது சுடுகிறது. கல்லின் அனல் இல்லை.
"என்ன?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
அவன் பார்வை என் தோளைத் தாண்டி இருந்தது.
எனக்குப் பின்னால் முட்டை அட்டி.
"மூணு," என்றான் யோகராணியிடம்.

தட். தட். தட்.
மூன்று மஞ்சள் கருக்கள் கல்லில்.
சந்தைக்குப் போகாத பிளந்த கேரட்,
முட்டைக்கோஸ், பிய்த்துப்போட்ட பரோட்டா,
கைப்பிடி மிளகுத்தூள்.
தும்மல் வந்தது எல்லோருக்கும்,
பெஞ்சு முழுக்க வரிசையாக,
லாரி டிரைவர் பெள்ளன் கடைசியாக.

இரண்டு பேர் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் கொத்தினாள்.
பாலாடாவில் எதுவும் சமதளம் இல்லை,
கல்லும் இல்லை.
அவனுடைய முட்டை மெல்ல நகர்ந்து
என் சாண் இடத்துக்குள் வந்து வெந்தது.
யோகராணி தகட்டின் முனையைக் கல்லில் ஊன்றி,
"நடுவுல கோடு போடட்டுமா?" என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி விளங்குவதற்குள்
அவன் சொன்னான்:
"பரவால்ல."

எங்கே கற்றானோ.
எண்களைத் தவிர
அவன் வாயில் நான் கேட்ட முதல் தமிழ்.

சாப்பிட்டோம்.
நல்ல பசி எனக்கு, அதை மறைக்க மாட்டேன்.
எந்தத் துண்டு யாருடைய முட்டை என்று
பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கனாலும் ஆகாது.
அடியில் பிடித்த முறுகலை மட்டும்
கரண்டியால் சுரண்டி என் பக்கம் தள்ளினான்.
அதுதான் ருசி என்று தெரியாதவன் இல்லை,
பெள்ளனோடு அதற்குச் சண்டை போட்டவன்தான்.

மிஷின்காரர் விசில் அடித்தார்.
சுக்ரா எழுந்து
பேண்ட் பைக்குள்ளிருந்து
நனைந்து ஒட்டிப்போன நூறு ரூபாயை எடுத்தான்.
திரும்ப ஒருமுறை கைகளைக் கல்லுக்கு மேல் காட்டி,
தண்ணீருக்குப் போனான்.

யோகராணி அந்த நோட்டைப் பிரித்து
கல்லின் ஓரத்தில் விரித்தாள்.
ஆவி பறந்தது.
புரட்டிப்போட்டாள், அடை மாதிரி.
இன்னும் கொஞ்சம் ஆவி.

காய்ந்தபிறகும்
நூறு நூறாகவே இருந்தது.
அவள் மீதிச் சில்லறையைக் கொடுத்தனுப்ப
ஆள் தேடினாள்.
நான் கையுறையைக் கழற்றினேன்.